இ.எக்ஸ். லூப்பியின் தூசியில் படிகம் தேடியது: இரண்டு நிறமாலைகளும் ஒரு மடிக்கணினியும்

ஓநாய் மண்டலத்தில், ஏறத்தாழ 500 ஒளியாண்டு தொலைவில், இ.எக்ஸ். லூப்பி என்றொரு இளம் நட்சத்திரம் இருக்கிறது. எடை சூரியனைவிடக் குறைவு. சுற்றிலும் வாயுவும் தூசியும் கலந்த வட்டு. வட்டிலிருந்து வாயு அதிக அளவில் நட்சத்திரத்தின் மேல் கொட்டும் சமயங்களில் அது சில மாதங்களுக்குப் பலமடங்கு பிரகாசமாகிவிட்டு, பிறகு பழைய நிலைக்குத் திரும்பும். இப்படி நடந்துகொள்ளும் நட்சத்திர வகைக்கே இதை வைத்துத்தான் பெயர் வந்தது.

2008 ஜனவரியில் அது அப்படிப் பொங்கத் தொடங்கியதை முதலில் கவனித்துச் சொன்னவர் நியூசிலாந்தின் ஆல்பர்ட் ஜோன்ஸ். வானியல் அவருக்குத் தொழில் அல்ல, வாழ்நாள் ஈடுபாடு. அவர் சொன்ன பிறகு பெரிய தொலைநோக்கிகள் அந்தப் பக்கம் திரும்பின. ஏப்ரலில் ஸ்பிட்சர் விண்வெளித் தொலைநோக்கி அதன் அகச்சிவப்பு நிறமாலையை எடுத்தது. நல்லவேளையாக 2005-லும், நட்சத்திரம் அமைதியாக இருந்தபோது, அதே தொலைநோக்கி ஒரு நிறமாலை எடுத்து வைத்திருந்தது. இரண்டையும் ஒப்பிட்ட பீட்டர் ஆப்ரஹாம் குழு, 2005-இல் இல்லாத ஃபார்ஸ்டரைட் என்ற கனிமப் படிகத்தின் அடையாளம் 2008-இல் இருக்கிறது என்று 2009-இல் நேச்சர் இதழில் எழுதியது. ஒரு நட்சத்திரத்தின் தூசி படிகமாக மாறியது, கிட்டத்தட்ட நடக்கும்போதே பிடிபட்டது.

அந்த இரண்டு நிறமாலைகளும் யார் வேண்டுமானாலும் இறக்கிக்கொள்ளும்படி பொதுவில் கிடக்கின்றன. கணக்குக்கு வேண்டிய ஆய்வகத் தரவுகளும் அப்படியே. சாதாரண மடிக்கணினியும் பைத்தான் நிரல்மொழியும் இருந்தால் போதும். அதை வீட்டில் செய்துபார்த்த விவரம்தான் இது. கட்டுரையில் வரைபடமாகப் பார்த்த ஒன்றை நாமே எண்களிலிருந்து எழுப்பிப் பார்க்கும்போது, "இங்கே இந்தக் கனிமம் இருக்கிறது" என்ற ஒரு வரிக்குப் பின்னால் எத்தனை தீர்மானங்கள் இருக்கின்றன என்று தெரியவருகிறது.

எதைத் தேடுகிறோம்

வட்டின் தூசியில் பெரும்பங்கு சிலிக்கேட். சிலிக்கனும் ஆக்சிஜனும் சேர்ந்த பிணைப்பு நீண்டு சுருங்கும் அதிர்வு 10 மைக்ரான் (மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) அருகில் ஒளியை உமிழும். வளையும் அதிர்வு 18 மைக்ரான் அருகில். அணுக்கள் ஒழுங்கில்லாமல் உறைந்துபோன தூசியில் ஒவ்வொரு பிணைப்பும் சற்றே வேறு வேறு அலைநீளத்தில் அதிர்வதால் எல்லாம் கலந்து ஒரே அகன்ற மேடாகத் தெரியும். படிகத்தில் அணுக்கள் வரிசையாக நிற்பதால் அந்த மேடு தனித்தனிச் சிகரங்களாக உடையும். சர்க்கரைப் பாகு சட்டென்று இறுகினால் கண்ணாடி மாதிரி மிட்டாய், நிதானமாக விட்டால் முகம் முகமாகக் கற்கண்டு; சரக்கு ஒன்றுதான், அடுக்குதான் வேறு.

ஃபார்ஸ்டரைட் என்பது ஆலிவின் குடும்பத்தில் இரும்பு இல்லாத, மக்னீசியம் மட்டுமே உள்ள கடைசி முனை. நமக்கு அந்நியமான கனிமமும் அல்ல. சேலம் சுண்ணாம்புக் கரட்டில் மேக்னசைட்டோடு கிடைக்கும் டியூனைட் பாறையில் பெரும்பகுதி மக்னீசியம் மிகுந்த ஆலிவின்தான். அகச்சிவப்பில் ஃபார்ஸ்டரைட்டின் சிகரங்கள் சுமார் 10, 11.2, 16.3, 19.5, 23.5, 27.5, 33.6 மைக்ரான்களில் வரும். 69 மைக்ரானிலும் ஒன்று உண்டு.

இது ஏன் முக்கியம்? நட்சத்திரங்களுக்கு இடைப்பட்ட வெளியில் உள்ள சிலிக்கேட் தூசி அநேகமாக முழுவதும் ஒழுங்கற்றது. பால்வெளியின் மையத்தை நோக்கிய நிறமாலையை வைத்து சிஸ்கா கெம்பர் குழு 2004-இல் போட்ட கணக்கில் படிகப் பங்கு ஓரிரு சதவீதத்தைத் தாண்டவில்லை. ஆனால் ஹேல்-பாப் வால்மீனில் படிக ஃபார்ஸ்டரைட் தெளிவாகத் தெரிந்தது. வைல்ட்-2 வால்மீனிலிருந்து ஸ்டார்டஸ்ட் விண்கலம் 2006 ஜனவரியில் பூமிக்குக் கொண்டுவந்த துகள்களிலும் படிகங்கள் இருந்தன. ஒழுங்கற்ற தூசி படிகமாக மாற ஏறத்தாழ 1000 கெல்வின் சூடு வேண்டும். வால்மீனோ பனிக்கட்டி. அவ்வளவு சூட்டில் விளைந்த பொருள் அவ்வளவு குளிரான இடத்துக்கு எப்படி வந்தது? இந்தக் கேள்விக்கான ஒரு பதில் இ.எக்ஸ். லூப்பியின் 10 மைக்ரான் மேட்டில் இருக்கிறது. அதனால்தான் மற்ற நட்சத்திரங்களை விட்டுவிட்டு இதைப் பிடித்தேன்.

கண்ணைப் பழக்குவது

நேரே இ.எக்ஸ். லூப்பிக்குப் போக வேண்டாம் என்பது என் அனுபவம். அதன் 2008 நிறமாலையில்கூடப் படிகத்தின் அடையாளம் அகன்ற மேட்டின் மேல் ஒரு தோள் மாதிரிதான் இருக்கும். பழகாத கண்ணுக்கு அது இரைச்சலாகத் தோன்றலாம். முதலில் எச்.டி. 100546 என்ற நட்சத்திரத்தைப் பாருங்கள். ஐரோப்பிய ஐ.எஸ்.ஓ. விண்கலம் 1990-களில் எடுத்த நிறமாலை அது, 2.4 முதல் 45 மைக்ரான் வரை ஒரே வீச்சில் கிடைக்கிறது. 19.5, 23.5, 27.5, 33.6 மைக்ரான்களில் ஃபார்ஸ்டரைட் சிகரங்கள் கூர்மையாக எழுந்து நிற்கும். இந்த நிறமாலைக்கும் ஹேல்-பாப் நிறமாலைக்கும் உள்ள ஒற்றுமையை 1998-லேயே எழுதிவிட்டார்கள். இரண்டையும் ஒரே தாளில் ஒன்றன்மேல் ஒன்றாக வரைந்தால் நூற்றுக்கணக்கான ஒளியாண்டு தூரத்து வட்டும் நம் வீட்டு வால்மீனும் ஒரே சிகர வரிசையைக் காட்டுகின்றன. எத்தனை முறை வரைந்தாலும் எனக்கு அது சலிப்பதில்லை.

எச்.டி. 100546 இன்னொரு பாடத்தையும் நடத்துகிறது. 11.3 மைக்ரானில் பல்வளைய ஹைட்ரோகார்பன் மூலக்கூறுகளும் ஒரு சிகரம் தரும். ஃபார்ஸ்டரைட்டின் 11.2 மைக்ரான் சிகரத்தோடு அது ஏறக்குறைய ஒட்டியே இருக்கும். இந்த நட்சத்திரத்தில் இரண்டுமே இருக்கின்றன. எனவே 11.2 அருகில் ஒரு சிகரம் தெரிந்தால் உடனே ஃபார்ஸ்டரைட் என்று எழுதிவிடக் கூடாது. 6.2, 7.7, 8.6 மைக்ரான்களைப் பாருங்கள். அங்கேயும் சிகரங்கள் இருந்தால் அந்த 11.3-இல் ஹைட்ரோகார்பனுக்கும் பங்கு உண்டு. அங்கே ஒன்றுமில்லாமல் 10-லும் 16-லும் துணை கிடைத்தால் படிகத்தின் பக்கம் சாயலாம். ஒற்றைச் சிகரத்தை வைத்துக் கனிமத்தின் பெயர் சொல்பவரை நான் நம்புவதில்லை.

தரவை எடுத்துச் சுத்தம் செய்தது

ஸ்பிட்சரின் நிறமாலைக் கருவி எடுத்த எல்லாவற்றையும் ஒரே முறையில் செப்பனிட்டு, காசிஸ் என்ற பெயரில் கார்னெல் பல்கலைக்கழகத்தில் ஒரு தொகுப்பு வைத்திருக்கிறார்கள். நட்சத்திரத்தின் பெயரைக் கொடுத்தால் எந்தெந்தத் தேதியில் எடுத்தது என்ற பட்டியல் வரும். அலைநீளம், ஒளிப்பாயம், பிழை என்ற மூன்று நெடுவரிசைகள்தான் நமக்கு வேண்டியவை. ஒளிப்பாயம் ஜான்ஸ்கி அலகில் இருக்கும்.

ஸ்பிட்சரின் நிறமாலை ஒரே துண்டு அல்ல. வேறு வேறு அகலமுள்ள பிளவுகள் வழியாக எடுத்த துண்டுகளின் சேர்க்கை. துண்டுகள் சந்திக்கும் இடத்தில் சிறிய படிக்கட்டு தெரியலாம். அதிர்ஷ்டவசமாகக் குறைந்த பிரிதிறன் துண்டு ஒன்று 7.4-இலிருந்து 14.5 மைக்ரான் வரை போகிறது. 10 மைக்ரான் மேடு முழுவதும் அதற்குள் அடங்கிவிடும். அதன் கடைசிப் பகுதியை, 13.5-க்கு அப்பால், நான் பொருத்தத்தில், அதாவது கனிமங்களின் வளைவுகளைக் கலந்து நிறமாலையோடு ஒத்துப்போகச் செய்யும் கணக்கில், சேர்க்கவில்லை. 14 மைக்ரானை ஒட்டிக் கருவியின் சொந்தக் குறை ஒன்று அங்கே நுழைவது தெரிந்த விஷயம்.

அப்புறம் பிழை நெடுவரிசை. பிரகாசமான நட்சத்திரத்துக்கு அதில் வரும் எண்கள் மிகச் சிறியவையாக இருக்கும். அப்படியே எடுத்துக்கொண்டால் பொருத்தும் நிரல் ஒவ்வொரு சின்ன நெளிவையும் உண்மை என்று எண்ணி, அதைச் சரிக்கட்ட இல்லாத கனிமங்களை இழுத்துவரும். எந்தப் புள்ளியிலும் பிழை 2 சதவீதத்துக்குக் கீழே போகக் கூடாது என்று ஒரு தரை வைத்தேன். இந்த ஒரு மாற்றத்துக்குப் பிறகு பொருத்தங்கள் எல்லாமே நிதானமாயின.

மாதிரி எதுவும் இல்லாமல் முதல் பார்வை

மொத்த வேலையிலும் எனக்கு மிகவும் பிடித்த கட்டம் இதுதான். 2008 நிறமாலை 2005-ஐவிட எல்லா அலைநீளத்திலும் பிரகாசம். நேராகக் கழித்தால் ஒன்றும் புரியாது. எனவே ஒவ்வொன்றிலும் 8 மைக்ரானுக்குக் கீழேயும் 13 மைக்ரான் அருகிலும் உள்ள புள்ளிகளை இணைத்து ஓர் அடிக்கோடு போட்டு, அதால் வகுத்தேன். பிறகு இரண்டு மேடுகளின் உச்சியையும் ஒரே உயரத்துக்குக் கொண்டுவந்து மேலும் கீழுமாக வரைந்தேன்.

2005-இன் மேடு வழவழப்பான ஒரு குன்று. 9.7 அருகில் உச்சி, அங்கிருந்து இரு பக்கமும் சரிவு. விண்மீனிடைத் தூசியிலும் இதே வடிவம்தான். 2008-இன் மேட்டில் அப்படியில்லை. உச்சி 10 பக்கம் நகர்ந்திருக்கிறது, 11.2-இல் ஒரு தோள் புடைத்திருக்கிறது. 10-உம் 11.2-உம் ஃபார்ஸ்டரைட்டின் ஜோடி. எந்தக் கணித மாதிரியும் இல்லாமல், ஒரே கருவி, ஒரே நட்சத்திரம், மூன்றாண்டு இடைவெளி என்ற ஒப்பீட்டிலேயே மாற்றம் தெரிந்துவிடுகிறது. கருவியில் ஏதாவது நிரந்தரக் கோளாறு இருந்தால் அது இரண்டிலும் இருந்திருக்க வேண்டுமே. இதற்குப் பிறகு நான் போட்ட பொருத்தங்கள் எல்லாம் இந்தப் படத்தை விளக்கத்தான் உதவின. இதைவிட வலுவான சான்றை அவை தரவில்லை.

துகளின் வடிவம் தந்த வேலை

சரி, அந்தத் தோள் உண்மையிலேயே ஃபார்ஸ்டரைட்தானா, அதன் துகள்கள் எவ்வளவு பெரியவை என்று கேட்டால் மாதிரி வேண்டும். ஒவ்வொரு கனிமமும் ஒவ்வொரு அலைநீளத்திலும் எவ்வளவு ஒளியை உறிஞ்சும் என்ற அட்டவணை தேவை. ஜெர்மனியின் ஜெனாவில் உள்ள ஆய்வகம் பல ஆண்டுகளாக விண்வெளித் தூசிக்கு நிகரான கண்ணாடிகளையும் படிகங்களையும் தயாரித்து அவற்றின் ஒளியியல் மாறிலிகளை அளந்து வெளியிட்டிருக்கிறது. அந்த மாறிலிகளிலிருந்து குறிப்பிட்ட அளவுள்ள துகளின் உட்கவர் குணகத்தை (ஒளியை எவ்வளவு உறிஞ்சும் என்ற எண்ணை) கணக்கிட ஆப்டூல் என்ற இலவச நிரலைப் பயன்படுத்தினேன். முக்கியமான கனிமங்களின் மாறிலிகள் அதற்குள்ளேயே வருகின்றன.

இங்கேதான் நின்று யோசிக்க வேண்டிய இடம் வருகிறது. துகள்களை முழுமையான உருண்டைகள் என்று வைத்துக்கொண்டால் கணக்கு சுலபம், விடை தவறு. ஒழுங்கற்ற சிலிக்கேட்டில் பெரிய வித்தியாசம் தெரியாது. ஆனால் படிகத்தின் கூர்மையான சிகரங்கள் துகளின் வடிவத்தைப் பொறுத்து இடம் மாறும். உருண்டை ஃபார்ஸ்டரைட்டின் சிகரம் 11.2-க்குச் சற்று முன்னாலேயே குறுகலாக எழுந்து நிற்கும். வானத்தில் பார்க்கும் சிகரம் அங்கே இல்லை. உருண்டையை வைத்துப் பொருத்தினால் "ஃபார்ஸ்டரைட் இல்லை" என்ற முடிவுக்குக்கூட வந்துவிடலாம்.

உண்மையான தூசி கோணல்மாணலானது. அதைக் கணக்கில் கொண்டுவர ஒரு சாதுரியமான வழி இருக்கிறது: வெவ்வேறு அளவு வெற்றிடம் உள்ளே கொண்ட உள்ளீடற்ற உருண்டைகளின் கூட்டம் ஒன்றை எடுத்துச் சராசரி போடுவது. எந்தத் துகளும் நிஜத்தில் உள்ளீடற்ற உருண்டை அல்ல. ஆனால் பலவகைக் கோணல் துகள்களின் கூட்டுச் சராசரி எப்படி இருக்குமோ அதை இந்தச் சராசரி நன்றாகப் பிரதிபலிக்கிறது. ஆப்டூல் இயல்பாகவே இதைத்தான் செய்கிறது. அதற்கு மாற்றியதும் சிகரம் 11.2-ஐ ஒட்டி வந்து உட்கார்ந்தது.

ஐந்து பொருள்கள் எடுத்துக்கொண்டேன்: ஒழுங்கற்ற ஆலிவின், ஒழுங்கற்ற பைராக்சீன் (இன்னொரு சிலிக்கேட் குடும்பம்), சிலிக்கா, படிக ஃபார்ஸ்டரைட், படிக என்ஸ்டடைட் (பைராக்சீன் குடும்பத்தின் மக்னீசிய முனை). ஒவ்வொன்றுக்கும் 0.1 மைக்ரான், 1.5 மைக்ரான் என்று இரண்டு அளவுகள். ராய் வான் புக்கெல் குழு 2005-இல் இளம் நட்சத்திர வட்டுகளைப் பகுத்தபோது வைத்துக்கொண்ட பட்டியலும் இதேதான். துகள் பெரிதாக ஆக மேடு தட்டையாகி, நீண்ட அலைநீளப் பக்கம் விரியும். பல மைக்ரான் அளவைத் தாண்டிவிட்டால் அடையாளமே மழுங்கிவிடும்.

பொருத்தியது

வட்டின் மேற்பரப்பில் மெல்லிய, சூடான தூசிப் படலம். அதன் கீழே அடர்த்தியான, சற்றுக் குளிர்ந்த பகுதி. அடர்த்தியான பகுதியை ஒரு கரும்பொருள் கதிர்வீச்சாக, அதாவது வெப்பநிலையை மட்டுமே பொறுத்த ஒளிர்வாக, வைத்துக்கொள்கிறோம். மேலே உள்ள படலத்தை இன்னொரு வெப்பநிலையின் கரும்பொருள் வளைவோடு உட்கவர் குணகங்களைப் பெருக்கிக் கூட்டியதாக வைத்துக்கொள்கிறோம். தெரியாதவை இரண்டு வெப்பநிலைகளும், ஒவ்வொரு பொருளின் பங்கும்.

வெப்பநிலைகளுக்கு ஒரு கட்டம் போட்டு, ஒவ்வொரு ஜோடிக்கும் பங்குகளை பைத்தானின் சைப்பை நூலகத்தில் உள்ள, எதிர்மறை எண் வராத மீச்சிறு வர்க்க முறையால் கண்டுபிடித்தேன். எதிர்மறை வரக் கூடாது என்ற நிபந்தனை அவசியம். இல்லாவிட்டால் நிரல் ஒரு கனிமத்தைக் கூட்டி இன்னொன்றைக் கழித்து எந்த வளைவையும் வரைந்துவிடும். வானத்தில் கழித்தல் தூசி கிடையாது. முழுக் கட்டத்தையும் ஓட்டி முடிக்க மடிக்கணினிக்குக் கொஞ்ச நேரமே ஆகிறது.

முதலில் வரும் பங்குகளைப் பார்த்து மகிழ்ந்துவிடாமல் மூன்று விதமாகக் கிளறிப் பார்த்தேன். ஒன்று, ஒரு கனிமத்தை முழுவதும் நீக்கிவிட்டு மறுபடி பொருத்தி, எஞ்சுவதைப் பார்ப்பது. 2008-இல் ஃபார்ஸ்டரைட்டை நீக்கினால் 10-லும் 11.2-லும் எச்சம் எழுந்து நிற்கிறது. மற்ற நான்கு பொருள்களும் என்ன செய்தும் அதை நிரப்ப முடியவில்லை. 2005-இல் நீக்கினால் பொருத்தம் அசையவே இல்லை. என்ஸ்டடைட்டின் கதை வேறு: அதை எடுத்தாலும் வைத்தாலும் இரு ஆண்டுகளிலும் பெரிய வித்தியாசமில்லை. அதனால் என்ஸ்டடைட் இருக்கிறது என்று நான் சொல்லமாட்டேன், நிரல் அதற்கு ஒரு பங்கு கொடுத்தாலும்.

இரண்டாவது, பிழைக்கு ஏற்ற இரைச்சலை நிறமாலையில் கலந்து திரும்பத் திரும்பப் பொருத்திப் பங்குகள் எவ்வளவு அலைகின்றன என்று பார்ப்பது. பெரிய துகள் ஆலிவினும் பெரிய துகள் பைராக்சீனும் ஒன்றுக்கொன்று இடம் மாற்றிக்கொள்கின்றன. அவற்றின் வளைவுகள் அவ்வளவு ஒத்தவை. சிறிய ஃபார்ஸ்டரைட் மட்டும் நிலையாக நின்றது. மூன்றாவது, அடிக்கோட்டின் எல்லைகளை இப்படியும் அப்படியும் நகர்த்துவது. சிலிக்காவின் பங்கு இதில் ஆட்டம் காண்கிறது. 9 மைக்ரான் பக்கத்துச் சரிவு அடிக்கோட்டை நம்பியே இருப்பதுதான் காரணம்.

இத்தனைக்கும் பிறகு வரும் "படிகம் இத்தனை சதவீதம்" என்ற எண்ணை மொத்த வட்டுக்கும் உரியதாக எடுத்துக்கொள்ளக் கூடாது. மேற்பரப்பில் உள்ள, சூடான, சில மைக்ரானுக்கு உட்பட்ட துகள்களுக்கு மட்டுமே அது பொருந்தும். கீழே புதைந்திருப்பதும் மணலளவு வளர்ந்ததும் இந்தக் கணக்கில் வரவே வராது.

நீண்ட அலைநீளத்தில் இல்லாத சிகரம்

10 மைக்ரானில் ஃபார்ஸ்டரைட் கிடைத்ததும் 2008 நிறமாலையின் மறுபக்கத்துக்குப் போனேன். வீன் விதிப்படி 10 மைக்ரானில் உச்சமாக ஒளிரும் பொருள் 290 கெல்வின் அளவில் இருக்கும். 33 மைக்ரானில் உச்சமாக ஒளிர்வது 90 கெல்வினுக்குச் சற்றுக் கீழே. எனவே 33.6-இல் சிகரம் இருந்தால் குளிர்ந்த வெளிவட்டிலும் படிகம் இருக்கிறது என்று பொருள். எச்.டி. 100546-இல் கொழுந்துவிட்டு எரியும் அந்தச் சிகரம் இங்கே இல்லை. 23.5-லும் குறிப்பிடத்தக்க எதுவும் இல்லை.

எனக்கு இந்த இல்லாமை, கிடைத்த சிகரத்துக்குச் சமமான தகவல். படிகம் சூடான உள்வட்டில் மட்டும் இருக்கிறது. நட்சத்திரம் பொங்குவதற்கு முன் இல்லை, பின் இருக்கிறது. வெளிவட்டில் அதிர்ச்சி அலைகள் தூசியைச் சூடாக்கியிருந்தால் குளிர்ந்த படிகங்களும் தெரிந்திருக்க வேண்டும். ஆகவே பொங்கலின் வெப்பமே உள்வட்டின் மேற்பரப்புத் தூசியைச் சுட்டு, அணுக்களை வரிசைப்படுத்தியிருக்கிறது. ஆப்ரஹாம் குழு சொன்ன வாதம் இதுதான். இரண்டு வரைபடங்களையும் கையில் வைத்துக்கொண்டு படிக்கும்போது அதன் ஒவ்வொரு படியும் சரியாகப் பொருந்துகிறது.

சூடான உள்வட்டில் உண்டான படிகம் வால்மீன்கள் உருவாகும் குளிர்ப் பகுதிக்கு நகர்ந்ததா என்பதுதான் அடுத்த கேள்வி. அதற்காக ஜேம்ஸ் வெப் தொலைநோக்கி 2022-இல், அந்தப் பெரும் பொங்கலுக்கு 14 ஆண்டுகள் கழித்து, இதே நட்சத்திரத்தைப் பார்த்தது. ஆக்னெஸ் கோஸ்பால் குழு 2023-இல் வெளியிட்ட முடிவின்படி படிகங்கள் காணாமல் போய்விடவில்லை. முன்பைவிடக் குளிர்ந்த, வெளிப்புறப் பகுதியில் இருக்கின்றன. வட்டிலிருந்து வெளியே தள்ளும் காற்றோட்டமோ கலக்கமோ அவற்றை நகர்த்தியிருக்கலாம்.

அந்த நிறமாலையையும் இறக்கிவிட்டேன்; இப்போது அதில்தான் வேலை நடக்கிறது. பிரிதிறன் பல மடங்கு அதிகம் என்பதால் புதிய சிக்கல் ஒன்று வந்திருக்கிறது. நீராவி, ஹைட்ரஜன் சயனைடு, அசிட்டிலீன், கார்பன் டை ஆக்சைடு ஆகியவற்றின் கோடுகள் தூசி மேட்டின் மேல் காடாக முளைத்திருக்கின்றன. தூசியைப் பொருத்துவதற்கு முன் அவற்றை மறைக்க வேண்டும். நகரும் இடைநிலை எண்ணை வைத்து மறைப்பது அகன்ற மேட்டுக்குப் போதுமானதாக இருக்கிறது, ஆனால் 16.3 மைக்ரான் சிகரத்தின் அடிவாரத்தை நீராவிக் கோடுகள் தொட்டுக்கொண்டிருக்கின்றன. அந்த இடத்துக்கு மட்டும் நீராவியின் மாதிரி நிறமாலையைக் கணக்கிட்டுக் கழித்துப் பார்க்க இருக்கிறேன். ஜேம்ஸ் வெப்பின் கருவி 28 மைக்ரானோடு நின்றுவிடுவதால் 33.6-ஐ அதில் பார்க்க வழியில்லை. குளிர்ந்த படிகத்துக்குச் சாட்சி சொல்ல 19.5, 23.5, 27.5 ஆகிய மூன்று சிகரங்களே மிஞ்சுகின்றன. 27.5 கருவியின் விளிம்பில் இருக்கிறது. எனவே முதலில் 23.5-ஐ எடுத்துக்கொண்டிருக்கிறேன்.